கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்

அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிகள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்ற இந்தக் கட்டுரையை கருங்கல் ஊரில் உள்ள எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன். அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான்.

வாரண்ட் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஐ-200 என்று அச்சிட்ட தாள் குடிவரவுத் துறையே தரும் கைது வாரண்ட்; அதில் நீதிபதி அல்ல, அந்தத் துறை அதிகாரிதான் கையெழுத்துப் போடுவார். அதைக் காட்டினால் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீதிமன்ற வாரண்ட் என்றால்தான் திறக்க வேண்டும்: அதில் நீதிமன்றத்தின் பெயர், நீதிபதியின் கையெழுத்து, உங்கள் சரியான முகவரி மூன்றும் இருக்கிறதா? கதவைத் திறக்காமலே, தாளை அடியில் தள்ளச் சொல்லிப் பார்க்கலாம். பேசாமல் இருக்க உரிமை உண்டு. பொய் மட்டும் சொல்லவே கூடாது. விமான நிலையத்தில் விதிகள் வேறு, அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையைப் பிடித்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தானாகப் போகாது, அவன் கேட்க வேண்டும். 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. குடிவரவு வழக்குக்கு அரசு செலவில் வக்கீலும் கிடையாது. அதனால் ஏ-நம்பர் (குடிவரவுத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் பதிவு எண்) இருந்தால் அதையும், ஒரு வக்கீலின் போன் நம்பரையும் இப்போதே கேட்டு வாங்கி, போனில் மட்டுமல்லாமல் டைரியிலும் எழுதி வையுங்கள். தடுப்பு மையத்தில் இருப்பவரை இணையத்தில் தேட அந்த எண்தான் கைகொடுக்கும்.