சோடியாய்க் குடித்து ஊர் சுற்றுவதில் என்ன பிழை?

புருசனும் பெண்சாதியும் ஒரே மேசையில் இருந்து, ஆளுக்கொரு பியர் கிளாஸோடு, தங்களை ஒருவருக்கும் தெரியாத ஒரு நாட்டில் விழுந்து விழுந்து சிரிப்பது நல்ல விசயம். வயசு போன காலத்தில் போகட்டும் என்று விட்டுவிடுகிற விசயமாக இதைச் சொல்லவில்லை. கலியாணம் கட்டிய எல்லோருக்கும் வாய்க்க வேண்டும் என்று மனசார நினைத்துத்தான் சொல்கிறேன். நானும் என் புருசனும் வியட்நாம் போய், ஆளுக்கொரு பியர் கிளாஸோடு இருந்த படங்களைப் போட்ட நாளிலிருந்து உள்பெட்டியிலும் கலியாண வீடுகளிலும் எனக்குக் கிடைக்கிற கதைகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கதைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. இவர் குடித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கையில் கிளாஸ் இருந்ததுதான் கண்ணில் குத்தியிருக்கிறது. பெரியம்மா போன் எடுத்து, "பிள்ளை, அது ஏதோ பழச்சாறு எண்டு சொல்லன், நானும் எல்லாருக்கும் அப்பிடியே சொல்லுறன்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று விளங்கியது. அந்த அன்பு பெரிது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்: "இல்லைப் பெரியம்மா, பியர்தான். நல்லா இருந்தது."

நாங்கள் இருப்பது திருகோணமலையில். மே மாதம் கச்சான் காற்று தொடங்கி, இந்தப் பக்கத்துக் கடல் அடங்கினால், செப்டெம்பர் வரைக்கும் உப்புவெளியும் நிலாவெளியும் வெளிநாட்டுச் சோடிகளால் நிறைந்துவிடும். முதுகில் ஒரு பை, காலில் ஒரு செருப்பு. சில பேர் ஓட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றி வருவார்கள். பகலில் புறாமலைத் தீவில் மீன் பார்ப்பார்கள், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றுவார்கள், பின்னேரம் கோணேசர் கோயில் மலையில் மானோடு படம் எடுப்பார்கள், இருட்டினால் மணலில் கால் நீட்டி இருந்து இரண்டு பேரும் குடிப்பார்கள். அவர்களுக்குப் பியர் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பெடியன்கள். மீன் பொரித்துக் கொடுப்பது எங்கள் அக்காமார். "பாருங்கோ, எவ்வளவு சந்தோசமா இருக்குதுகள்" என்று சொல்வதும் நாங்கள்தான். அந்தச் சந்தோசத்தை நம்பி எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. அதே சந்தோசத்தை எங்கள் ஊர்ச் சோடி ஒன்று வேறொரு நாட்டுக்குப் போய் அனுபவித்தால் மட்டும் கலாசாரம் போய்விட்டதாம்.

குடி குடியைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தால் அழிந்த வீடுகளைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தகப்பன் வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற ஒழுங்கையில்தான் வளர்ந்தேன். அதை ஒரு சொல்லாலும் நான் மெழுகப் போவதில்லை. ஆனால் அந்தக் குடி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். தவறணைக்குப் பின்பக்கத்தில், நிறுத்தி வைத்த வானுக்குள், கடற்கரைப் பற்றைக்குள், நின்றநிலையில், தொண்டை எரிய எரிய, யாரும் காணுமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடக்கிறது. பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி ஒளித்து வைக்கிறார்கள். வீட்டில் ஒருத்தி சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மேசையில் அவளுக்கு இடமில்லை, காலையில் வாந்தி கழுவ மட்டும் அவள் வேண்டும். அந்த அவசரமும் அந்த ஒளிப்பும்தான் குடிக்குள் கிடக்கிற முழு நஞ்சும் என்று சொல்ல மாட்டேன். பாதி நஞ்சு அதுதான் என்பது என் எண்ணம்.

சட்டமும் அப்படித்தான் நின்றது. எங்கள் நாட்டில் பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு அறிவித்தல் போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்கள்கூடப் போகவில்லை, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். குடிப்பது குற்றம் என்றால் எல்லோருக்கும் குற்றமாக இருக்கட்டும். வாங்குகிற கையைப் பார்த்து மட்டும் குற்றமாகிற ஒன்றை நான் ஒழுக்கம் என்று ஏற்க மாட்டேன்.

சரி, வியட்நாமுக்கு வருகிறேன்.

ஹனோயில் பியா ஹோய் என்று ஒரு பியர் இருக்கிறது. அன்றன்றைக்கு வடித்து அன்றன்றைக்கே விற்றுத் தீர்ப்பது. பழுதாகாமல் வைக்க மருந்து ஒன்றும் சேர்ப்பதில்லை. மூன்று நான்கு வீதத்துக்கு மேல் வெறி கிடையாது. எங்கள் ஊரில் விற்கிற ஸ்ட்ரோங் பியர் 8 வீதத்தைத் தாண்டும், அதைத்தான் எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். பழைய ஹனோயில், தா ஹியன் தெருப் பக்கம், நடைபாதையில் சின்னப் பிள்ளைகளுக்கான அளவில் பிளாஸ்டிக் முக்காலிகள். முழங்கால் நெஞ்சில் முட்டத்தான் இருக்க வேண்டும். கடைக்கார அம்மா பீப்பாயிலிருந்து ஒரு குழாயால் நேரே கிளாஸுக்குள் விடுவார். அந்தக் கிளாஸை நான் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கண்ணாடியை உருக்கிச் செய்தது, இலேசான பச்சை, தடித்த சுவர், சுவருக்குள்ளே காற்றுக் குமிழிகள் அப்படியே உறைந்து நிற்கும். ஒவ்வொரு கிளாஸ் வந்ததும் ஒரு துண்டுக் கடதாசியில் பேனையால் ஒரு கோடு. விலை 10,000 டொங், 15,000 டொங் என்று கேட்டதும் முதலில் நெஞ்சு பக்கென்றது. 25,000 டொங் கிட்டத்தட்ட ஒரு டொலர் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கடிப்பதற்கு அவித்த கச்சான், நிலக்கடலை. எங்கள் கோயில் திருவிழாக் கடைகளில் வாங்குகிற அதே கச்சான், அதே மணம்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அப்பம்மா வயதில் ஒருவர், மகன், மருமகள். மருமகள்தான் எல்லோருக்கும் ஊற்றினாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள். மாமியார் கிளாஸை நீட்டி எங்களைப் பார்த்து "மொட், ஹாய், பா, யோ!" என்று கத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஹோ! மாமியாரும் மருமகளும் கிளாஸ் இடித்துக்கொள்வதை வாழ்க்கையில் முதல் தரம் கண்டேன். யாரும் சண்டை பிடிக்கவில்லை, யாரும் விழவில்லை. ஒரு மணித்தியாலத்தில் கணக்குத் தீர்த்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார்கள்.

ஏன் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று எங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வியட்நாமும் ஆசியாவில் பியர் அதிகம் குடிக்கிற நாடுகளில் ஒன்று. குடிவெறியோடு வாகனம் ஓடி வீதியில் செத்தவர்கள் அங்கேயும் கொஞ்சமல்ல. அதனால்தான் 2020 ஜனவரி முதலாம் தேதியிலிருந்து வாகனம் ஓட்டுபவரின் மூச்சில் ஒரு துளி மதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான், சைக்கிளுக்குக்கூட அதுதான். குடிக்காதே என்று சொல்லவில்லை, குடித்தால் ஓட்டாதே என்கிறார்கள். எங்கள் கண்டி வீதியிலும் நிலாவெளி வீதியிலும் இரவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். என்னைத் திட்டுகிற நேரத்தில் அதைத் திட்டினால் இரண்டு உயிராவது மிஞ்சும்.

நாங்களும் அந்தப் பயணம் முழுக்க ஒரு வாகனமும் ஓட்டவில்லை. ஹனோயிலிருந்து வடக்கே ஹா ஜியாங்குக்குப் படுக்கை பஸ். ஏறும்போதே சப்பாத்தைக் கழற்றி ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கையில் தருவார்கள். பிறகு இரண்டு தட்டில் போட்ட ஒடுங்கிய படுக்கைகளில் நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டியதுதான். மலையில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், ஓட்டுவது அந்த ஊர் ஆட்கள், பின்னால் நாங்கள். 1959 இலிருந்து 1965 வரை இளம் பெடியன் பெட்டைகள் கையால் உடைத்துப் போட்ட பாதை அது. மகிழ்ச்சி வீதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மா பி லெங் கணவாயில், மலைச்சுவரில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு பாறை வெட்டினார்களாம். கீழே ஞோ குவே ஆறு பச்சை நூலாய்த் தெரிகிறது. பயத்தில் நான் கண்ணை மூட, முன்னால் போன மோட்டார் சைக்கிளில் இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூவினார். அவர் அப்படிக் கூவி நான் கேட்டதே இல்லை.

இரவில் மலைவீட்டில் சோளச் சாராயம். தண்ணீர்ப் போத்தலில்தான் வரும், விரல் முனையளவு கிண்ணத்தில் ஊற்றுவார்கள், ஒரே மிடறு. குடித்து முடித்ததும் எதிரே இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவும் பாயில் எங்களோடு இருந்துதான் குடித்தார், தானும் சாப்பிட்டு எங்களுக்கும் எடுத்து வைத்தார். என்னைக் கூட்டிவந்த ஓட்டுநர் மட்டும் தேத்தண்ணிக் கிண்ணத்தால் எல்லோரோடும் இடித்தார். விடிய ஓட வேண்டுமே என்று சைகையால் காட்டினார்.

அப்புறம் ரயில். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு, ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே போகிற பாதை. தள்ளுவண்டியில் பியர் வந்தது, ஆளுக்கொன்று வாங்கினோம். எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம். அப்போது இவர் கேட்டார்: "இஞ்சேரப்பா, இவ்வளவு பகிடி தெரிஞ்ச ஆள், இவ்வளவு காலமும் எங்க இருந்தனீர்?"

"குசினிக்குள்ள" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வந்து இன்றுவரை இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுவது அவர்தான். நான் கேட்கவில்லை.

இந்த ஒரு விசயத்துக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் வயதுக்காரர் திருகோணமலையில் இளமையாக இருந்த காலம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குள் வீடு, அடையாள அட்டை, சோதனைச் சாவடி, ஊரடங்கு. காதலித்தவர்கள்கூடக் கடற்கரையில் சேர்ந்து நடந்ததில்லை. சுனாமி வந்தது. 2009 இல் சண்டை முடிந்தபோது எங்களுக்குப் பிள்ளைகள், கடன், வயதான அம்மா அப்பா. இருபது வயதில் ஒரு சோடி காரணமில்லாமல் சிரித்துத் திரிகிற காலம் என்று ஒன்று எங்களுக்கு வரவே இல்லை. அதை நாற்பது தாண்டிப் போய் எடுத்தோம். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. அம்மாதான் போகச் சொன்னார்.

எல்லா நாளும் குடித்துக்கொண்டிருந்தோம் என்றும் நினைக்க வேண்டாம். ஹொய் ஆன் நகரத்துக்குக் கிட்ட மி சொன் என்று ஒரு பள்ளத்தாக்கு. நான்காம் நூற்றாண்டிலிருந்து அந்தக் காலத்துச் சம்பா நாட்டு அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969 இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும் பகுதி இடிந்துபோனது. புல்லுக்குள் ஆவுடையார் கிடக்கிறது. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்து, கல்லைக் கோட்டைக்குக் கொண்டுபோன கோணேசர் கோயிலின் ஊரிலிருந்து போன எங்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கோணமாமலை அமர்ந்தாரே" என்று சம்பந்தர் தேவாரம் இரண்டு வரி பாடினேன். அன்றைக்கு இரவு இரண்டு பேரும் பியர் தொடவில்லை. அப்படி ஒரு பேச்சே எழவில்லை.

செலவு கேட்டவர்களுக்கு: வீசா இணையத்தில் எடுக்கலாம், ஒருதரம் உள்ளே போவதற்கு ஒருவருக்கு 25 டொலர். தங்கியதெல்லாம் சின்னச் சின்ன விடுதிகளில். நகைக்கடையில் போடுகிற காசில் ஒரு பங்குதான் முடிந்தது. வாங்கியிருந்தால் ஒரு சங்கிலி கிடைத்திருக்கும், லொக்கருக்குள் இருந்திருக்கும்.

கடைசியாக எங்கள் கடற்கரையில் கடை நடத்துகிற தம்பிமாருக்கு ஒன்று. வியட்நாமிலிருந்து வந்து கொஞ்ச நாளில் நானும் இவரும் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். கடல் பக்கத்து மேசைகள் காலியாக இருந்தன. "அது வெளிநாட்டுக்காரருக்கு அக்கா" என்று சொல்லிச் சுவர் ஓரத்தில் இருத்தினார்கள். பியர் கேட்டபோது கிளாஸ் ஒன்றுதான் வந்தது, அதை இவர் பக்கம் வைத்தார்கள். தம்பிமாரே, உங்கள் ஊர்ச் சோடி வந்தாலும் அந்தக் கடல் பக்கத்து மேசையைக் கொடுங்கள். நாங்களும் அதே காசுதான் கட்டுகிறோம். கிளாஸ் இரண்டு வையுங்கள். சீசன் தொடங்கினதும் நாங்கள் திரும்ப வருவோம்.