மிலிட்டரி பென்ஷன் வாங்குபவர்களே, பிபிஓவில் வீட்டம்மா பெயர் சரியாக இருக்கிறதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு இருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் இந்தப் பதிவு. நீளம்தான். பொறுமையாகப் படித்துவிட்டு, பீரோவில் இருக்கும் பிபிஓவை, அதாவது ஓய்வூதிய ஆணையை, எடுத்து மனைவியின் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்றால், பெரும்பாலும் யாரும் அதைத் தரமாட்டேன் என்று சொன்னதால் இல்லை. காகிதத்தில் இருக்கும் பெண்ணும் நேரில் வந்து நிற்கும் பெண்ணும் ஒருவர்தானா என்ற கேள்வியில்தான் ஃபைல் நின்றுபோகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல கணவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பம், ஒரு உறுதிமொழிப் பத்திரம், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஆகியவற்றோடு முடிகிற வேலை இது. அவர் போன பிறகு, துக்கம் ஆறாத ஒரு பெண் அதே வேலைக்காகத் தாலுகா ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் அலைய வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பிழை எங்கே வருகிறது என்று பாருங்கள். நம் பக்கம் மாதம்மாள் என்ற பெயர் வீதிக்கு வீதி உண்டு. கல்யாணமானதும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதியும் உத்தரவு) போட்டபோது, வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பார்ட் டூ ஆர்டரில் 'டிஹெச்' இருக்கும், ஆதாரில் ஹெச் இருக்காது, பேங்க் பாஸ்புக்கில் ஒரு 'எம்' குறையும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாதம்மா என்றே முடிந்திருக்கும். போதாததற்கு இனிஷியல். ஓரிடத்தில் அப்பா பெயரின் எழுத்து, இன்னோரிடத்தில் கணவர் பெயரின் எழுத்து, மூன்றாவதில் இனிஷியலே இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

எழுத்து வித்தியாசம் மாதிரி சின்னப் பிழை என்றால், ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் லாகினிலிருந்தே விவரத்தை மாற்றக் கோரிக்கை வைத்து ஆதாரை இணைத்துப் பாருங்கள். பெயரே வேறாக இருந்தால், பிறந்த தேதி தவறாக இருந்தால், மனைவி பெயரே பிபிஓவில் ஏறவில்லை என்றால் உங்கள் படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து திருத்தம் போய், திருத்தப்பட்ட பிபிஓ வரும். மிகப் பழைய பிபிஓக்களில் மனைவி பெயர் இல்லாமலே இருப்பதுண்டு. முதல் மனைவி இறந்து, ஓய்வுக்குப் பிறகு மறுமணம் செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓய்வுக்குப் பின் சட்டப்படி மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, ஆனால் பதிவில் ஏற்ற வேண்டியது நீங்கள். விண்ணப்பம், ஆதார் நகல், திருமணச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், ஜாயின்ட் போட்டோ எல்லாவற்றையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்கள் மூலமாக அனுப்புங்கள். தனியாகத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட அது நல்லது.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் சேர்ந்த பர்கூர், ஊத்தங்கரை, ஓசூர்க்காரர்களின் டிஸ்சார்ஜ் புக்கில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். இன்னும் மூத்தவர்கள், 1965க்கு முன் சேர்ந்தவர்கள் என்றால் சேலம் மாவட்டம். ஆதாரில் கிருஷ்ணகிரி. இதனால் பென்ஷன் நிற்காது. ஆனால் எந்த ஊர் அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் அந்த அம்மா தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பஸ் ஏறிக்கொண்டிருப்பார். இப்போதைய முகவரியை ஸ்பர்ஷிலும் நல அலுவலகப் பதிவிலும் ஒன்றாக்கிவிடுங்கள்.

மனைவியின் பிறந்த தேதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயதில் அடிப்படையில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100 வயதில் 100 சதவீதம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருடத்தைப் போட்டிருப்பார்கள். அது நிஜ வயதைவிட ஐந்து வருடம் குறைவு என்றால், அந்தக் கூடுதல் தொகையும் ஐந்து வருடம் தள்ளிப்போகும். கையில் இருக்கும் நம்பகமான சான்றை வைத்து இப்போதே சரிசெய்யுங்கள்.

பணம் எவ்வளவு வரும் என்பதையும் வீட்டில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கணவர் பென்ஷன் எவ்வளவு என்றே தெரியாத மனைவிமார் நிறையப் பேர். சாதாரண குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம், குறைந்தபட்சம் 9,000 ரூபாய், இதற்கு மேல் அகவிலைப்படி. ஓய்வுக்குப் பிறகு கணவர் இறந்தால் முதலில் கூடுதல் விகிதமான 50 சதவீதம் கிடைக்கும். அது இறந்த மறுநாளிலிருந்து ஏழு வருடம் அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய தேதி, இதில் எது முந்தியோ அதுவரை. கணக்குக்கான சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 58இல் இறந்தால் ஏழு வருடம் 25,000, பிறகு 15,000. 65இல் இறந்தால் இரண்டே வருடம்தான் 25,000. 67ஐத் தாண்டி இறந்தால் முதல் மாதமே 15,000.

பிரச்சனை வருவது தொகை இறங்கும் அந்த மாதத்தில்தான். யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று பதறுவார்கள். 25,000ஐ நம்பி பேங்கில் பென்ஷன் லோன் வாங்கியிருந்தால் தவணை கழுத்தை நெரிக்கும். தொகை எந்த விதியால், எப்போது இறங்கும் என்பதை இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு வீண் பயமும் உண்டு: கணவர் கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) வாங்கியிருந்தால் மீதியைக் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்களா என்று. பிடிக்க மாட்டார்கள். கம்யூட்டேஷனால் குடும்ப ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

படையை விட்டு வந்து மாநில அரசு வேலையிலோ வேறு சிவில் வேலையிலோ சேர்ந்து அங்கேயும் பென்ஷன் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு பக்கமும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். பழைய ஞாபகத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தவர்கள் மறுபடி கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த வேலை இன்னும் அவசரம். தாய்க்குப் பிறகு, சம்பாதிக்க இயலாத அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மருத்துவச் சான்றோடு பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே பிபிஓவில் ஏற்றுங்கள். அறிவுத்திறன் குறைபாடு என்றால் பாதுகாவலர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு இதற்கு உத்தரவு தரும். இந்த ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வங்கிக் கணக்கு 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற ஜாயின்ட் கணக்காக இருக்கட்டும். மகனோடு ஜாயின்ட் போட்டுவிட்டு மனைவியை விட்டிருந்தால் மாற்றுங்கள். நிலுவைத் தொகைக்கான நாமினேஷனையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சில நாள் பென்ஷன் பாக்கிக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள்.

அடுத்தது போன். ஸ்பர்ஷ், பேங்க், ஆதார் மூன்றுக்கும் கணவரின் ஒரே சிம்தான் பல வீடுகளில். அவர் இறந்து ரீசார்ஜ் போடாமல் விட்டால் சிம் கட்டாகும், ஓடிபி வராது. மனைவியின் ஆதாரில் மனைவியின் நம்பரே இருக்கட்டும். வாழ்நாள் சான்று கொடுக்க நீங்கள் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போய், ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்காகக் களை பறித்து, புளி தட்டின கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. அப்படியானால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், அல்லது முகம் காட்டிச் சான்று கொடுக்கும் ஆப் வழியைப் பழக்கிவிடலாம். பென்ஷன் தன் பெயருக்கு மாறிய பிறகு அதை அவர்தான் வருடா வருடம் செய்ய வேண்டும்.

இறப்புக்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் விஏஓ. ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில்தான் பதிவாகும். ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பலர் சிகிச்சைக்குப் பெங்களூரு போகிறார்கள். அங்கே இறந்தால் சான்றிதழ் கர்நாடகத்தில்தான் வாங்க வேண்டும். பதற்றத்தில் ஊர்க்கூப்பிடு பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிபிஓவில் உள்ள எழுத்துப்படி பெயர் எழுதின சீட்டைக் கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும். சான்றிதழில் பெயர் தப்பானால் அதைத் திருத்த மறுபடி அங்கேயே அலைய வேண்டும்.

பென்ஷன் இறந்த தேதி வரைதான். தகவல் போகாமல் அடுத்தடுத்த மாதங்களில் கணக்கில் பணம் ஏறினால், அதை ஏடிஎம்மில் எடுக்கக் கூடாது. பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். உடனே ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவித்து, இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான், பாஸ்புக் நகல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வராதென்றால் ஸ்பர்ஷ் சேவை மையமோ நல அலுவலகமோ உதவும். பெயர் பிபிஓவில் சரியாக இருந்தால் மனைவிக்கு இதற்கு வாரிசுச் சான்றிதழ் தேவையே இல்லை. தேவை என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

கைம்பெண் அடையாள அட்டை, இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையில் நிலை மாற்றம், கேன்டீன் கார்டு மூன்றும் அதன் பிறகு. ராணுவக் குழுக் காப்பீட்டின் நீட்டிப்புச் சான்று இருந்தால் எடுத்து வையுங்கள். அந்தக் காப்பீடு குறிப்பிட்ட வயது வரைதான் செல்லும்.

பேங்க் காவலராக வேலை பார்த்தவர்கள் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும். லைசென்ஸ் அவர் ஒருவர் பெயரில். இறந்த பிறகு அது வீட்டில் இருப்பதே சட்டப்படி குற்றமாகிவிடும். தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தையும் சேர்த்தே வையுங்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். ராணுவ எண்ணை எழுதும்போது, ஜேசிஓ (நாயப் சுபேதார், சுபேதார் போன்ற பதவி) ஆனவர்கள் சிப்பாய்க் கால எண்ணையும் ஜேசி எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும், பழைய காகிதங்களில் பழைய எண்தான் இருக்கும். பிபிஓ எண், ஸ்பர்ஷ் லாகின், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ செகந்திராபாத். கூட்டுறவுச் சங்கக் கடன், எல்ஐசி, டெபாசிட் விவரமும் அதிலேயே. டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் அதில் எதுவும் பதிய முடியாது. நகல் மூன்று செட் எடுத்து, ஒன்றை மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். நோட்டு இருக்கும் இடம் மனைவிக்குத் தெரியட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒவ்வொரு காகிதத்தையும் கையில் கொடுத்து, இது இதற்கு என்று சொல்லிப் பழக்குங்கள்.