துணைக்கு யாருமில்லையா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கேட்டார்: "இன்னும் தனியாத்தான் இருக்கியா கண்ணு?" ஆமாம் என்றேன். எடுத்த அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, துக்க வீட்டில் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

எனக்கு 46 வயது. அம்மா போனதிலிருந்து ஒன்பது வருடமாக வேலூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். யார் மேலும் கோபம் கிடையாது.

காலை ஐந்தரைக்கு எழுந்து, டிகாக்‌ஷன் இறங்கியதும் காபி கலந்துகொண்டு பின்வாசல் படியில் உட்காருவேன். முருங்கையில் அணில் ஓடும். நுரை அடங்கும்வரை ஊதி ஊதிக் குடிப்பேன். எங்கள் அம்மா ஒருநாள்கூட காபியைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுவார். திரும்பி வந்து, ஆடை படிந்ததை நின்றபடியே ஒரே மடக்காக விழுங்குவார். இந்தப் படியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த டம்ளர் ஞாபகம்தான். என் நேரம் என் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தனியாக இருப்பவர்களுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்குத் திருவண்ணாமலைதான் நினைவுக்கு வரும். 1896இல், 16 வயதில் வீட்டை விட்டு அங்கே போனவர் ரமணர். 1899 முதல் 1916 வரை விரூபாட்சி குகையில் இருந்தார். 1916இல் அம்மா அழகம்மாள் தேடி வந்து அவரோடேயே தங்கிவிட்டார். 1922இல் அந்த அம்மாவின் உயிர் பிரியும்வரை, நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தபடி மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் துறவி, நான் மாதச் சம்பளக்காரி. ஆனாலும் தனிமை ஒருவரை ஈரமில்லாதவராக ஆக்கிவிடாது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

போன வருடம் தோழியின் அம்மா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தபோது, ராத்திரித் துணைக்கு நான்தான் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் சமைத்து வைத்துவிட்டு ஓடவில்லை. ஒரு பையில் இரண்டு சுடிதாரும் ஒரு போர்வையும், அவ்வளவுதான்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. வாடகைக்கு வீடு தேடியபோது, "எத்தனை பேர்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோன வாசல்கள் பல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைம்பெண்கள், பிரிந்தவர்கள், மணமாகாதவர்கள் என்று துணையில்லாத பெண்கள் நாட்டில் 7 கோடிக்கு மேல். எல்லோரும் விரும்பி அப்படி இருப்பவர்கள் இல்லை, தெரியும். அதற்காக எல்லோரையும் பாவம் என்று பார்க்க வேண்டாமே. பாவம் பார்ப்பவர்கள் ஒரு வீடு கொடுக்கட்டும்.

அப்புறம், "ராத்திரி ஏதாவது ஆனால்?" என்பார்கள். நியாயமான பயம்தான். அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. தினமும் ஆறரைக்கு அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுவேன். நேற்று படியில் உட்கார்ந்தவள் அப்படியே மறந்துவிட்டேன். ஆறே முக்காலுக்குச் சாவியும் கையுமாக வாசலில் நிற்கிறார், மாவுக் கையைக்கூடக் கழுவாமல். உட்காரச் சொல்லி காபி போட்டுக் கொடுத்தேன். சூடாகக் குடித்துவிட்டுப் போனார்.