புலமைப்பரிசில் பரீட்சை யாருக்குக் கை கொடுக்கிறது?
இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான் வசதியில்லாத பிள்ளைக்கு நல்ல பாடசாலை கிடைக்க ஒரே வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்துக்கு அது சரி. இன்று? என் மகளுக்குத் தரம் 3 முடியும்போதே டியூஷன் தொடங்கிவிட்டோம். கடைசி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குக் கடந்தகால வினாத்தாளின் மேலேயே தலைவைத்துத் தூங்கிப்போவாள், விரல்களுக்கிடையில் பென்சில் அப்படியே இருக்கும். அவளுக்குப் பக்கத்து இருக்கைப் பிள்ளை கணக்கில் இவளைவிடக் கெட்டிக்காரி. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குக் கூலி வேலை, டியூஷனுக்குக் காசில்லை. என் மகள் தெரிவாகத் தேவையான வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள், அந்தப் பிள்ளை தாண்டவில்லை. நாங்கள் காசு கொடுத்துப் பழக்கிய புள்ளிதான் அது. 'போட்டி பிள்ளையை உறுதியாக்கும்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். முடிவு வந்த பிறகு அந்தப் பத்து வயதுப் பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்கே வரவில்லை.