பொம்மை இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை. விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸ் இயங்குதளத்தை எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் "எமுலேட்டர்ல டாஸ் ஓட்டுறதெல்லாம் பொம்மை விளையாட்டு, அடுத்தவருக்கு நேரம் விடுங்க" என்று என் டெமோவைப் பாதியில் நிறுத்தியதும், அதற்கு நாலைந்து பேர் சிரித்ததும் இன்னும் உறுத்துகிறது.

பொம்மை இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்திய நேரத்தில் திரையில் என்ன இருந்தது? டீபக் நிரல், டாஸில் கட்டளைகளை நேரடியாக அடித்து ஓட்டிப் பார்க்க உதவும் கருவி. அதில் நான்கே கட்டளைகளை அடித்திருந்தேன். ஒன்று ஏஹெச் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் எண் வைக்கும் சிறு இடம்) 'ஓர் எழுத்தைக் காட்டு' என்பதற்கான 2-ஐப் போடுகிறது, அடுத்தது டிஎல் ரெஜிஸ்டரில் அந்த எழுத்தின் எண்ணான ஹெக்ஸ் 41-ஐ (ஹெக்ஸ் என்றால் 16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) போடுகிறது, பிறகு டாஸை அழைக்கும் இன்டரப்ட் 21, கடைசியில் நிரலை முடிக்கும் இன்டரப்ட் 20. மொத்தம் 8 பைட். ஓட்டினால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து திரையில் வரும். அந்த எழுத்து வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். அந்த 8 பைட்டில் எது எதற்கு என்று ஒருவருக்கு முழுசாகச் சொல்லிவிடலாம். இன்றைக்கு நாம் எழுதும் எந்த நிரலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்? ஓர் இயங்குதளத்தை மேலிருந்து அடிவரை ஒரே ஆள் புரிந்துகொள்ள முடிகிற இடம் இது. இதைப் பொம்மை என்கிறார்கள்.

அந்த நிரல் நினைவகத்தில் ஹெக்ஸ் 100 என்ற இடத்திலிருந்து ஏன் தொடங்குகிறது என்று கேட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும். கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் என்ற இயங்குதளத்திலும் நிரல்கள் அதே 100-இல்தான் தொடங்கின. 1980-இல் டிம் பேட்டர்சன் 86-டாஸ் என்ற இயங்குதளத்தை எழுதியபோது, சிபி/எம் நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ளட்டும் என்று அந்த அமைப்பையே பின்பற்றினார். அதுதான் பிறகு எம்எஸ்-டாஸ் ஆனது. அது இன்னும் சாகவில்லை என்பதை நம்பாதவர்கள் உங்கள் விண்டோஸில் 'கான்' (CON) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர் கொடுத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள். விடாது. கீபோர்டுக்கும் திரைக்கும் அன்றைக்கு வைத்த பெயர் இன்னும் காவல் காக்கிறது. செத்துப்போன சமாச்சாரம் என்று சொல்பவர்கள் அதன் மேல்தான் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

"அசல் மெஷின்ல ஓட்டினா சரி, எமுலேட்டர் போலிதானே" என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அசல் மெஷின் எத்தனை பேரிடம் இருக்கிறது ஐயா? ஃப்ளாப்பியில் காந்தம் மங்குகிறது, போர்டில் கெபாசிட்டர் கசிகிறது. 86பாக்ஸ் மாதிரியான எமுலேட்டர் பழைய ப்ராசஸரையும் போர்டையுமே மென்பொருளாகச் செய்து காட்டுகிறது. அதற்குள் பூட் ஆவது அதே டாஸ், ஒரு பைட் மாறாமல். (டாஸ்பாக்ஸ் வேறு வகை. அது தனக்கென்று ஒரு டாஸை உள்ளேயே வைத்திருக்கிறது. விளையாட்டுகளுக்கு அருமை, ஆனால் நான் காட்ட வந்தது அதுவல்ல.) ஃப்ளாப்பி டிரைவ் கரகரக்கும் சத்தம் வராது என்றால் ஒப்புக்கொள்கிறேன், வராது.

"இதனால வேலை கிடைக்குமா" என்பதற்குப் பதில் சொல்ல மாட்டேன். கேட்பவருக்கே அது கேள்வி இல்லை என்று தெரியும்.

இனி சொல்லப்போவதைக் கூட்டத்தில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய ஃப்ளாப்பிகளிலிருந்து எடுத்த கோப்புகள் என்னிடம் இருந்தன. எல்லாம் வேர்ட்ஸ்டார் என்ற டாஸ் காலத்து எழுதும் மென்பொருளில் ஆங்கிலத்தில் அடித்த கடிதங்கள். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ விசித்திரக் குறியாக வந்தது. கோப்பு கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். கெடவில்லை. வரிகளைச் சீராக அமைக்க, பழைய வேர்ட்ஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தில், ஆங்கில எழுத்துக்குத் தேவைப்படாத எட்டாவது பிட்டை 1 ஆக்கி அடையாளமாக வைக்கும், அவ்வளவுதான். எமுலேட்டரில் டாஸை ஏற்றி, வேர்ட்ஸ்டாரிலேயே திறந்தேன். கடிதம் அப்படியே வந்தது. புள்ளி வைத்து அவர் எழுதிய பக்கக் கட்டளைகள், அடிக்கோடு போட்ட இடங்கள், எந்த வரியில் பக்கத்தை முடித்தார் என்பது உட்பட.

"நாலு வரி பைத்தான் எழுதினா அந்த பிட்டை நீக்கிடலாமே" என்பீர்கள். நீக்கலாம், சரிதான். அதற்கு முதலில் அந்த பிட் ஏன் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீக்கினாலும் எழுத்து கிடைக்குமே தவிர, அவர் பார்த்த பக்கம் கிடைக்காது. எனக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது. எது பழசு, எது குப்பை என்று முடிவு செய்ய உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சொந்த வீட்டுக் கோப்பு ஒன்று திறக்காமல் நின்றால் அப்போது சிரிப்பீர்களா?

மைக்ரோசாஃப்ட்டே எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 மூலநிரலை 2018-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்தது. 2024-இல் 4.00-ஐயும் திறந்துவிட்டது. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய, எம்எஸ்-டாஸுக்கு இணையான ஃப்ரீடாஸ் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இவர்களெல்லாம் பொம்மைக்காகவா நேரம் செலவழிக்கிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் தருவதாக நேற்று செய்தி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 8 பைட்டை முழுசாகக் காட்டும் வீடியோவை இங்கேயே போடுகிறேன். கூடவே பார்த்துச் செய்ய விரும்புகிறவர்கள் 86பாக்ஸும் ஃப்ரீடாஸும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். எங்காவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள், எந்த நேரமானாலும் பதில் சொல்கிறேன்.