கேமராவைக் கண்டாலே விறைப்பு

ஊட்டி மார்க்கெட்டில் ஒரு வர்க்கிக் கடைக்காரர். யாராவது விலை குறைக்கச் சொன்னால் அவருக்கு ஒற்றைப் புருவம் மட்டும் ஏறும் பாருங்கள், ஆளின் மொத்தக் குணமும் அதில்தான் இருக்கிறது. 85 எம்எம் லென்ஸைத் தூக்கினேன், போச்சு! குல்லாவைக் கழற்றி, தலையை வாரிக்கொண்டு, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துவிட்டார். "இயல்பா இருங்கண்ணே" என்றால் இன்னும் விறைப்பு. சரி என்று அரைமணி நேரம் டீயும் வர்க்கியுமாகக் கதை பேசி, கேமராவையே மறக்கவைத்தேன். அப்புறம் புருவம் ஏறியது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்து அமுக்கப்போனால், மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. ஃபோகஸ் அவரை விட்டுவிட்டு முன்னாலிருந்த தராசைப் பிடித்துக்கொண்டது. படத்தில் தராசு மட்டும் அவ்வளவு இயல்பாக விழுந்திருக்கிறது.