பாதிச் சுற்றில் கிளம்பிப் போனவர்களுக்கு

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று குரூப்பில் "ஒரு கவர்ன்மென்ட் பில்டிங்குக்கு இவ்வளவு கோபமா" என்று வந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிடலில், தரையில் பதித்த நட்சத்திரத்தின் மேல் நின்று போட்டோ எடுத்து முடித்த கையோடு, அந்த வழிகாட்டி அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, சான் மார்கோஸில் இருக்கும் தள்ளுபடிக் கடை வளாகமான அவுட்லெட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். போவது உங்கள் இஷ்டம். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் முதுகைக் காட்டிவிட்டுப் போகலாமா? காசு வாங்காமல் சுற்றிக்காட்டுகிறார் என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பில்லையா?

அவர் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? 1888இல் முடிந்த இந்தக் கட்டடத்துக்கு மாநிலம் பணமாகக் கொடுக்கவில்லை, 30 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. மார்பிள் ஃபால்ஸ் பக்கமிருந்து வந்த இந்தச் செந்நிறக் கிரானைட்டை வெட்டியெடுத்தவர்கள் சிறைக்கைதிகள். கைதிகளை வைத்து வேலை வாங்குவதை எதிர்த்துக் கல்தச்சர் சங்கம் ஒதுங்கிக்கொள்ள, ஸ்காட்லாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். இதைத்தான் நீங்கள் கேட்காமல் போனீர்கள்.

குழந்தைகளுக்குப் போரடித்தது என்கிறீர்கள். இருக்கலாம், சின்னப் பிள்ளைகள் நின்றுகொண்டே எவ்வளவு நேரம்தான் கேட்கும். ஆனால் நாலாம் வகுப்பில் டெக்சாஸ் வரலாறு படிக்கிற என் மகள் கதவுப் பக்கம் குனிந்து, உலோகக் கீலில் 'டெக்சாஸ் கேப்பிடல்' என்று எழுத்து வார்த்திருப்பதைக் கண்டுபிடித்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். உங்கள் பிள்ளைகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கதவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். போரடித்தது அவர்களுக்கில்லை. நீங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது "எங்கே போறாங்க" என்று அவள் கேட்டாள், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதுதான் வலித்தது, வேறொன்றுமில்லை.

டாலஸிலிருந்து வண்டி ஓட்டி வந்த களைப்பாம். அவுட்லெட்டில் இரவு வரை நடக்க முடிந்ததே.

கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம், தரையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் முத்திரை வேறு, இதை ஏன் கொண்டாட வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை தம்பி, நின்று கேளுங்கள் என்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் அந்த அம்மா மறைக்காமல்தானே சொன்னார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம், சொத்து வரி என்று தினமும் குரூப்பில் புலம்புகிறோம். அதற்கான சட்டம் போடுகிற அவை அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடும், 140 நாள் வரை நடக்கும், மேல்மாடத்தில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம், நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அடுத்த கூட்டத்தொடருக்கு நானும் மகளும் போகிறோம். வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரே வண்டியில் போகலாம். அவுட்லெட் போகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.